குளவிக்குப் பெயர் வைக்க வந்தவர்கள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் குளவிக்கு அந்த அறிவிப்பு வந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தாள். திங்கட்கிழமை முதல், அவள் ஆடுகிற விளையாட்டின் மன்றத்தில் எழுதுகிற எல்லோரும், சந்தா கட்டும்போது கொடுத்த சொந்தப் பெயரிலேயே தெரிவார்கள். பழைய பதிவுகளிலும் அதே பெயர் ஏறும். உடன்படாதவர்கள் அதற்குள் கணக்கை மூடிவிடலாம். மூடினால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். ‘நாகரிகமான உரையாடலுக்காக’ என்று கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் பாய்ச்சிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்கள்.

கோட்டை பிடிக்கிற ஆன்லைன் விளையாட்டு அது. ஆடுகிறவர்கள் கூடிப் பேசுகிற இடம் மன்றம். கடையில் அவள் தலை நிமிராமல் வேலை பார்ப்பவள். மன்றத்திலோ ‘குளவி’ என்ற புனைபெயரில் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எந்தக் கோட்டையை எப்படிப் பிடிப்பது என்று எழுதுவதும் அவள்தான், கொள்ளைப் பங்கில் சண்டை வந்தால் பஞ்சாயத்து பண்ணுவதும் அவள்தான். வாயைத் திறந்தாலே அடி விழுந்த வீட்டிலிருந்து தப்பி வந்தவளுக்கு, தன் பேச்சை நாலு பேர் கேட்பது சாதாரண விஷயம் இல்லை.

அந்த வீட்டில் அவளை அடித்த கணவன் இன்னும் அவளைத் தேடிக்கொண்டிருந்தான். அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தது. காகிதம் எந்தக் காலைப் பிடித்து நிறுத்தியது? அவள் வீட்டை மாற்றினாள், ஊரை மாற்றினாள், தலைமுடியைக்கூட ஒட்ட வெட்டிக்கொண்டாள். விளையாடுகிற விதத்தை மட்டும் மாற்ற மறந்துபோனாள்.

சண்டை தொடங்குமுன் பின்வாசலைத் திறந்து வைப்பது அவள் வழக்கம். சேர்ந்து விளையாடிய காலத்தில் அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். போன மாதம் ‘நேர்மையாளன்’ என்று ஒருவன் அவள் பதிவின் கீழே எழுதியிருந்தான்: “ஓடுவதற்கு வழி பார்த்துவிட்டுத்தான் சண்டைக்கே வருவீர்களோ? எனக்குத் தெரிந்த ஒருத்தியும் இப்படித்தான்.” அது அவன்தான் என்று படித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பெயர் அவனுக்குத் தெரிந்ததுதான். குளவிதான் அவள் என்று உறுதியாகத் தெரியாது, அவ்வளவுதான். திங்கட்கிழமை கம்பெனியே அதைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

“மூடித் தொலை. வெளையாட்டுதானே, சோறா போடுது?” என்றாள் அக்கா. சகோதரிகள் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள்.

“வீட்ட விட்டேன், ஊர விட்டேன், வேலைய விட்டேன். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போறது நானாத்தான் இருக்கணுமாக்கா?”

“அப்ப என்னதான் பண்ணப் போற?”

“போறேன். ஆனா வாய மூடிக்கிட்டுப் போக மாட்டேன்.”

அக்காவுக்குப் பயம். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் புரட்டினாள். லென்ஸ் இயந்திரம் கெட்டுப்போனது, ஜன்னலுக்கு வெளியே ரயில் கத்துவது, மழையில் தெரு முழங்காலளவு முங்கியது என்று எல்லாம் அங்கங்கே கிடந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. மேலே ஒரு பெயரை ஒட்டிவிட்டால் வாசல்படி வரை வழி தெரியும்.

“ஏண்டி, அட்ரஸத் தவணை முறையில குடுத்து வெச்சிருக்கியேடி,” என்றாள் அக்கா. இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு சிரிக்காமல், அவன் கண்ணில் படுமுன் அவற்றை ஒவ்வொன்றாக அழித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கம்பெனி அதிகாரி நேரலையில் வந்தார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, “தப்புப் பண்ணாதவங்க பேரச் சொல்ல ஏன் பயப்படணும்?” என்று கேட்டார். கீழே நேர்மையாளன் முதல் ஆளாக எழுதினான்: “நான் தயார். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.”

குளவி கைப்பேசியை எடுத்தாள். அதன் கீழேயே எழுதினாள். “அடிக்கிறவனுக்குப் பேரச் சொல்லப் பயமே கிடையாது சார். அடி வாங்கினவளுக்குத்தான் பயம். என்னைய ஒருத்தன் தேடிக்கிட்டிருக்கான்.”

“அப்படின்னா நீங்க போலீஸ்கிட்டதான் போகணும்,” என்றார் அதிகாரி.

“போயாச்சு. ஊர மாத்திக்கச் சொன்னாங்க, மாத்திக்கிட்டேன். இப்ப அவன் என் வாசல்ல வந்து நின்னா, கதவத் தெறக்க நீங்க வருவீங்களா?”

அதிகாரி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். மன்றம் விடவில்லை. எப்போதும் குளவியோடு மல்லுக்கட்டுகிற ‘பஞ்சர்’ எழுதினான்: “நான் ஜெயில் வார்டன். உள்ள இருந்து வெளிய போனவங்கள்ல என்மேல கடுப்பா இருக்கவங்க நெறைய. என் பொண்ணும் இங்கதான் வெளையாடுறா.” அடுத்து ‘கோட்டான்’: “என் வியாதியப் பத்தி இங்க மட்டும்தான் சொல்லியிருக்கேன். நாளைக்கு வேலை குடுக்கறவன் என் பேரத் தேடினா மொதல்ல அதத்தான் படிப்பான்.” அப்புறம் மடை திறந்தாற்போல் வந்தார்கள். ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது. நாகரிகம் பேச வந்தவருக்கு வியர்த்துவிட்டது.

“நான் மூடறேன்,” என்று எழுதினாள் குளவி. “எழுதினது அழிஞ்சா அழியட்டும். கோட்டையப் புடிச்ச கை என்கிட்டதான் இருக்கு.”

கோட்டான் தன்னிடம் சும்மா கிடந்த ஒரு இணையதளத்தின் முகவரியை அங்கே போடாமல், பழகிய கூட்டாளிகளுக்கு மட்டும் தனித்தனியே அனுப்பினான். ஒவ்வொருவராகப் பழைய மன்றத்தில் கணக்கை மூடத் தொடங்கினார்கள். குளவியும் தன் கணக்கை மூடும் பொத்தானை அழுத்தினாள். இத்தனை வருஷ எழுத்து கண்முன்னே காணாமல்போனது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை மதியம், கடையில் சாப்பிட்டு முடித்ததும் புதிய தளத்தில் பஞ்சர் எழுதியிருந்தது தெரிந்தது. “பழைய எடத்தப் பாத்தியா? உன் பதிவுக்குக் கீழ வந்து வம்பிழுத்தானே, அந்த நேர்மையாளன்தானே உன்னத் தேடறவன்? அவன் முழுப் பேரும் வந்துருச்சு. நீ சொல்லு, சாயந்தரத்துக்குள்ள அவன் வீட்டையே தோண்டி எடுத்துடறேன்.”

“வேணாம்,” என்று எழுதினாள். “பேர வெச்சு ஆள வேட்டையாடறது அவன் பொழப்பு. நமக்கு அது வேணாம்.”

பிறகு பழைய மன்றத்தைத் திறந்து பார்த்தாள். படிப்பதற்குக் கணக்குத் தேவையில்லை. மேலே அதிகாரியின் வரவேற்புரை இருந்தது. அதன் கீழே அவனுடைய முழுப்பெயர் முதலெழுத்தோடு, பட்டவர்த்தனமாக. அந்தப் பெயரைப் பார்த்தால் முன்பெல்லாம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். இன்று கீழே வரை படித்தாள்.

காலையில் அவன் எழுதியிருந்தான்: “வணக்கம். யாரையும் காணோமே?”

சற்று முன்னால் இன்னொரு முறை எழுதியிருந்தான்: “யாராவது இருக்கீங்களா?”

அவனுக்குப் பதில் சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லை.