ஞானாம்பிகையைப் பற்றி ஒரு பக்கம்

இணுவிலில் ஒரு செத்தவீடு நடந்தால், எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த மறுநாள் யாராவது எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். கையில் இறந்தவரின் படம் இருக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். அதில் தேவாரம், திருவாசகம் எல்லாம் அச்சகத்தில் தயாராகவே இருக்கும்; வம்சாவளியை வீட்டுக்காரர் கொடுப்பார்கள். இறந்தவரைப் பற்றிய ஒரு பக்கத்தை மட்டும் மாஸ்ரர் எழுதித் தரவேண்டும்.

நான் மறுத்ததில்லை. முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவன், இதுகூட எழுதிக் கொடுக்காவிட்டால் ஊரில் என்ன மரியாதை? பெண்சாதிக்கு அடித்தவனும் என் பேனாவில் இல்லறத்தின் இலக்கணம் ஆவான். காணி வழக்கில் தம்பியை ஏமாற்றியவன் கொடைவள்ளல் ஆவான். கொண்டுபோகிறவர்கள் கண்கலங்கி நன்றி சொல்வார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளுக்குள் பெருமைப்படுவேன்.

இந்த ஆவணியில் இறந்தது என் மனைவி ஞானாம்பிகை. காலையில் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள் நெஞ்சு நோகிறது என்றாள். ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டுச்செலவு முடிந்தபின் எழுத உட்கார்ந்தேன். 'வாழையும் வயலும் வளங்கொழிக்கும் நீர்வேலியம்பதியில் வந்துதித்தவர்' என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. பதின்மூன்று நாள் அந்த வரியோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, மகள் மதுராவிடம் விட்டுவிட்டேன். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. வவுனியாவில் பிரதேச செயலகத்தில் உத்தியோகம். தாயின் காரியத்துக்காக லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். தமிழில் சுற்றுவட்டாரத்து நாலு பாடசாலைக்கும் முதலாவதாக வந்த பிள்ளை. அவள் எழுதினால் ஞானாம்பிகை அந்தப் பக்கத்தில் உயிரோடு இருப்பாள் என்று நம்பினேன். ஞானாம்பிகையில் இனி எனக்கு மிஞ்சப்போவது அந்த ஒரு பக்கம்தான்.

மதுரா ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை.

'அன்பின் உறைவிடமாய், பொறுமையின் சிகரமாய், தியாகத்தின் திருவுருவாய்த் திகழ்ந்தவர் எம் அன்னை. தான் உண்ணாது எமக்கு ஊட்டினார். தான் உறங்காது எம்மை உறங்கவைத்தார். மெழுகுதிரியாய்த் தன்னை உருக்கி எமக்கு ஒளி தந்தார்...'

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தேன். ஒவ்வொரு வசனமும் என்னுடையது. தொண்ணூற்றெட்டில், ஐந்தாம் வகுப்பை அப்போது ஆண்டு ஐந்து என்று சொல்வோம், புலமைப்பரிசில் வகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்த 'என் அன்னை' கட்டுரை. ஊரும் பெயரும்தான் புதிதாகச் சேர்ந்திருந்தன; மற்றதெல்லாம் காற்புள்ளி உட்பட அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. தான் உண்ணாதாம்! ஞானாம்பிகை பசி பொறுக்கமாட்டாள். "எனக்கு வயிறு கடிக்குது, நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகச் சாப்பாட்டுக் கோப்பையோடு உட்கார்ந்துவிடுவாள். தான் உறங்காதாம்! இரவுச் செய்தி முடிவதற்குள் குறட்டை கேட்கும். மெழுகுதிரியும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுப்பில் பச்சை விறகு வெடிப்பதுபோல் வெடித்துத் தள்ளுகிறவள்.

"என்ன பிள்ளை எழுதி வைச்சிருக்கிறாய்? கொம்மாவை உனக்குத் தெரியாதே?" என்று கேட்டேன்.

மதுரா என்னைப் பார்த்தாள். "நல்லாத் தெரியும் அப்பா. ஆனா அம்மாவைப் பற்றி எழுத வெளிக்கிட்டா உதுதான் வருது. வேறை ஒண்டும் வருகுதில்லை."

"ஆண்டு அஞ்சிலை நீயா ஒண்டு எழுதினனி. நினைவிருக்கோ?"

"நீங்கள் கிழிச்சது."

"ஓம். நான் கிழிச்சதுதான்."

அந்த வகுப்பில் நான் மாதிரிக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முதல் வாரம், பிள்ளைகளாகவே ஒருதடவை எழுதட்டும், எழுதத் தெரியாதென்று அவர்களுக்கே தெரியட்டும் என்று நினைத்து, 'என் அன்னை' என்று தலைப்புக் கொடுத்தேன். மதுரா ஒரு பக்கம் நிறைய எழுதினாள். நடுப்பக்கம் வரைக்கும் வாசித்திருப்பேன். அங்கே இப்படி இருந்தது: 'எங்கள் வீட்டில் இரண்டு கோழிகள் நிற்கின்றன. அம்மா அவற்றுக்கு மகாதேவி, சறோசினி என்று மாமிமாரின் பெயர் வைத்திருக்கிறா. மகாதேவி ஒரு முட்டை இட்டால் ஊருக்கே கேட்கக் கத்தும். சறோசினி பக்கத்து வளவுக்குள் போய் முட்டை இடும். அம்மாவுக்குக் கோபம் வந்தால் கோழிகளைப் பேசுவா.'

மகாதேவியும் சறோசினியும் என்னுடைய தங்கைமார். மகாதேவியின் மகனும் அதே வகுப்பில் மூன்றாம் வாங்கில் இருந்தான். எனக்கு முகம் எரிந்தது. கோழிக்கூட்டுப் பக்கம் இருந்து வருகிற ஏச்செல்லாம் யாருக்கென்று அன்றைக்குத்தான் எனக்கும் விளங்கியது. மேற்கொண்டு வாசிக்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வீட்டுக் குப்பையைக் கட்டுரையிலை கொட்டக்கூடாது" என்று முழு வகுப்புக்கும் கேட்கச் சொன்னேன். அடுத்த நாள் மாதிரிக் கட்டுரையைக் கரும்பலகையில் எழுதினேன். மதுரா அதை இரண்டே நாளில் பாடமாக்கினாள். சோதனையில் நல்ல புள்ளி வந்தது. நானும் பெருமைப்பட்டேன்.

பைக்குள் இருந்த துண்டுகளை வீட்டுக்குப் போகிற வழியில் எறிந்துவிட்டேன். அந்தத் தாளின் கீழ்ப்பாதியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"மிச்சம் என்ன எழுதினனி?" என்று இப்போது கேட்டேன்.

"மறந்துபோச்சு அப்பா. இருபத்தாறு வருசமாச்சு."

"யோசிச்சுப் பார், பிள்ளை. ஒரு வரியாவது."

யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டுகூட யோசித்தாள். இல்லை என்று தலையாட்டினாள். பத்து வயதுப் பிள்ளை தாயைப் பார்க்கிறமாதிரி வேறு யார் பார்க்கப்போகிறார்கள்? நான் அவளோடு அப்போதே பதினைந்து வருடம் வாழ்ந்தும் கோழிகளின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அது எழுதியும் தந்தது. நான் கிழித்தேன்.

"ஆனா பேந்து நடந்தது நினைவிருக்கு" என்றாள் மதுரா. "உங்கடை கட்டுரையைப் பாடமாக்கிப்போட்டு அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினனான். குசினியிலை தேங்காய் திருவிக்கொண்டிருந்தவ. முழுக்கக் கேட்டுப்போட்டு, 'நல்லாத்தான் இருக்குது. ஆர் பிள்ளை உந்த மனிசி? எங்கடை ஊரோ?' எண்டு கேட்டவ."

சொல்லிவிட்டு மதுரா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஞானாம்பிகை போய் இருபத்திரண்டு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு இருவரும் அழுதோம்.

அழுது முடிந்ததும் கதை கதையாக வந்தது. சண்டையில் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்தபோது எல்லோரும் காணி உறுதியையும் நகையையும் கட்டிக்கொண்டு போக, ஞானாம்பிகை ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தது. வழியில் வெறும் சோறு மட்டும் கிடைத்தவர்கள் அந்த ஊறுகாய்க்காக எங்களைச் சுற்றி உட்கார்ந்தது. சைக்கிளில் பிரேக் பிடிக்கப் பயந்து கடைசிவரை குதித்தே இறங்கியது. நான் கவியரங்கத்துக்குப் போகும்போது "இண்டைக்கு எவ்வளவு நேரம் பொய் சொல்லப் போறியள்?" என்று கேட்டது. மதுரா இதையெல்லாம் சொல்லச் சொல்ல ஞானாம்பிகை எங்களோடு வந்து இருந்த மாதிரியே இருந்தது.

"உதை எழுது பிள்ளை. உப்பிடியே எழுது. அச்சகத்துக்குப் பின்னேரத்துக்குள்ளை குடுத்தாச் சரி" என்றேன்.

மதுரா புதுத் தாள் எடுத்தாள். பிறகு எழுதினாள்: 'ஐந்தறிவு சீவன்களிடத்தும் எம் அன்னை அளவிறந்த பரிவு காட்டினார்.'

"கோழி எங்கை பிள்ளை?" என்றேன்.

"உதுதான் கோழி" என்றாள். சொல்லும்போதே அவளுடைய முகம் சுருங்கிவிட்டது. பேனாவை வைத்தாள். "என்னாலை ஏலாது அப்பா. கதைக்கேக்கை வருது. எழுதேக்கை கையே வேறை ஆளாப் போகுது. ஒபிசிலையும் உப்பிடித்தான். என்ரை அறிக்கையளை எல்லாரும் மெச்சுவினம். ஒரு கிராமத்திலை உண்மையா என்ன நடந்தது எண்டு அதிலை ஒருதருக்கும் விளங்காது."

நான் பேனாவை வாங்கினேன். எழுதத் தெரிந்தவன் நான் இருக்கிறேனே. 'ஞானாம்பிகை கோழிகளுக்கு என் தங்கைமாரின் பெயரை வைத்திருந்தாள்' என்று எழுதினேன். ஒரு வசனம்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகாதேவி அந்தியேட்டிக்கு வருவாள். சறோசினி கனடாவிலிருந்து வருகிறாள். பழைய அதிபர் வருவார், கோட்டக்கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். தமிழ் மாஸ்ரர் வீட்டு நினைவு மலரில் கோழி கத்துகிறது என்று சனம் சிரிக்காதா? வசனத்தை வெட்டினேன். வெட்டியது வேறு யாருமில்லை, நான்தான்.

நாலு மணிக்கு அச்சகத்திலிருந்து போன் வந்தது. மதுரா முதலில் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினோம்.

ஆண்டு மூன்றில் பசுவைப் பற்றிப் பத்து வசனம் சொல்லிக் கொடுப்பேன். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் பசு நின்றது. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது என்று ஒரு பிள்ளையிடமும் நான் சொன்னதில்லை. 'பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு' என்று பாடமாக்கினார்கள். முதலில் கண்டதை எழுதப் பழக்கியிருக்க வேண்டும். வளர வளர, கண்டதில் எதை வைப்பது, எதை விடுவது என்று அவர்களாகவே தெரிய விட்டிருக்க வேண்டும். மேல்வகுப்புக்கு வரும்போது, யார் முகம் கோணினாலும் உண்மையை நல்ல தமிழில் எழுதுகிற துணிவு வந்திருக்க வேண்டும். அலங்காரம் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு வரட்டும். நான் அலங்காரத்தில் தொடங்கி அலங்காரத்திலேயே முடித்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகள்! எல்லாருக்கும் தாய் இருந்தாள். எல்லாரும் என்னிடம் ஒரே தாயைத்தான் எழுதிப் புள்ளி வாங்கினார்கள்.

அந்தியேட்டி குறையில்லாமல் நடந்தது. மலர் வழவழப்பான தாளில் வந்திருந்தது. மகாதேவி அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, "மச்சாளை அப்பிடியே அச்சொட்டா எழுதியிருக்கிறாள் பிள்ளை" என்று விம்மினாள். பழைய அதிபர் என் தோளில் தட்டினார். மதுரா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வடைத் தட்டோடு திரிந்தாள். அடுத்த நாள் வவுனியாவுக்குப் போய்விட்டாள்.

ஐப்பசி நடுவில் ஒரு காலை, புத்தூரிலிருந்து கேதீஸ்வரன் வந்தான். என்னிடம் பதினோராம் ஆண்டு, சாதாரண தரம் வரை படித்தவன். இப்போது வெங்காயம் போடுகிறான். தாய் செத்து எட்டுச்செலவு முடிந்திருந்தது. கையில் தாயின் படமும் ஞானாம்பிகையின் நினைவு மலரும் இருந்தன.

"மாஸ்ரர், உங்களை இந்த நேரத்திலை கரைச்சல்படுத்த விருப்பமில்லை" என்றான். "புதுசா ஒண்டும் எழுத வேண்டாம். உந்தப் பக்கம் அப்பிடியே எங்கடை அம்மாதான். பேரை மட்டும் மாத்தித் தந்தீங்களெண்டாக் காணும்."

"இரு தம்பி. புதுசா எழுதுவம். கொம்மா எப்பிடிப்பட்ட மனிசி, சொல்லு" என்றேன்.

"அவவோ?" என்றான். முகம் மலர்ந்துவிட்டது. "அவ தோட்டத்துக்குத் தண்ணி மாறேக்கை மண்வெட்டியோடை கதைப்பா மாஸ்ரர். மருந்தடிக்கிற நாளிலை அயலெல்லாம் ஓட ஓடப் பேசுவா. ஒருக்கா என்னைப் பிடிக்க வந்த ஆமிக்காரனுக்குப் புட்டுக் குடுத்து..." சேட்டு நுனியால் கண்ணைத் துடைத்தான். நான் ஒரு தாளை எடுத்தேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உதுகளை எழுதிப்போடாதேங்கோ மாஸ்ரர். வீட்டுக் குப்பையைக் கட்டுரையிலை கொட்டக்கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள். எங்கடை அம்மாவை ஒருதரும் குறைவா நினைக்கக்கூடாது."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. மரியாதையாக, கைகட்டி, நல்ல மாணவனாக நின்று மறுத்தான்.

மலரை வாங்கி, அந்தப் பக்கத்தில் மூன்று இடத்தில் ஞானாம்பிகை என்ற பெயரை வெட்டி, அவனுடைய தாயின் பெயரை எழுதினேன். நீர்வேலியைப் புத்தூர் ஆக்கினேன். மிச்சத்தை ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். வேறொன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.