எண்ணெய் வைத்த முகம்

ஞானராஜ் கல்லில் முகம் செதுக்கினால் ஆளே எழுந்து வந்து பேசுவான் என்று கடத்தூரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டதே ஞானராஜ்தான்.

மோட்டாரில் மாட்டிச் கல் செதுக்கும் பிட்டுகளில் அவனுக்கு உயிர் ஊசி பிட்தான். மெருகேற்றிய கறுப்புக் கல்லில் அதை மேலாக ஓட்டினால் பட்ட இடம் வெளுக்கும். ஒரு தாள் கனத்துக்கு ஆழம் போதும், போட்டோ அப்படியே இறங்கிவிடும். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் பாதி முகங்கள் அவன் கைவேலை.

செல்லியின் மகன் தீர்த்தகிரியையும் அப்படித்தான் இறக்கியிருந்தான். பதினாறு வயதில் மஞ்சள் காமாலையில் போன பையன். அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு போட்டோ. இன்று வருஷம் திரும்புகிறது. பொழுது சாய்வதற்குள் அவனைப் புதைத்த காட்டில் கல்லை நட்டாக வேண்டும். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து செல்லியும் அவள் அண்ணன் மாதையனும் டெம்போவோடு அவன் பட்டறைக்கு வந்திருந்தார்கள்.

செல்லி கல்லை மூடியிருந்த சாக்கை விலக்கினாள். மகன் சிரித்துக்கொண்டிருந்தான். பையிலிருந்து சீசாவை எடுத்து நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, நெற்றியிலிருந்து தாடைவரை பதமாகத் தேய்த்தாள்.

முகம் மறைந்துபோயிற்று.

"ஐயோ, எம்பையன் எங்க? ஏனுங்க, எங்க போயிட்டான்?"

முந்தானையால் துடைக்கத் துடைக்கக் கல் இன்னும் கறுத்தது. மேலாக வெளுத்த கோடுகளை எண்ணெய் விழுங்கிவிட்டது என்று ஞானராஜுக்குப் புரிந்தது. மாலையும் மெழுகுவத்தியும் வைக்கிறவர்களுக்கே செதுக்கிப் பழகிய மடையன்! செத்தவர்களுக்கு நட்டு எண்ணெய் வழியும் கற்களை வழிநெடுகத் தினமும் சைக்கிளில் தாண்டி வருகிறவனுக்கு, செல்லி வீட்டுக் கல்லுக்கும் எண்ணெய் வைப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

"எண்ணெ வெக்காமலே நட்டுக்கலாம், வுடு செல்லி" என்றான் மாதையன்.

"எண்ணெ வெக்காத கல்லு எம்புள்ளையாகுமாண்ணா?"

ஞானராஜ் கல்லின் கனத்தை விரலால் அளந்தான். "ஆழமா வெட்டுனா எண்ணெயில நிக்கும்ங்கம்மா. ஆனா தடி பிட்டு போடணும். அது சிரிப்ப நிக்க வுடாது. கண்ணுல கொஞ்சம் தப்புனாலும் மொகமே போயிரும்."

"போடுங்க. இப்ப மட்டும் என்ன இருக்குது?"

சோப்புத்தூள் போட்டுத் தேய்த்ததில் கோடுகள் மங்கலாகத் திரும்பின. ஊசி பிட்டை ஆழத்துக்குத் தாங்குமா என்று கல்லின் பின்பக்கம் அழுத்திப் பார்த்தான். பட்டென்று ஒடிந்தது. தலைமுடிக்கும் தாடைக்கும் தடி பிட்டை மாட்டினான். தண்ணீர் ஊற்ற ஊற்றக் கறுப்புச் சேறு வழிந்தது. கண்ணுக்கு நடுத்தர பிட். இமை ஓரம் நெல்மணி அகலம்கூட இல்லை. பிட்டின் அகலமும் கிட்டத்தட்ட அதுதான். மாதாவே என்று முனகிவிட்டு மூச்சை அடக்கி இறக்கினான். பாதி இமையில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறியது. பிட் குதித்தது. செல்லி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் சட்டென்று கையைத் தூக்கிவிட்டான். இமை தப்பியது.

"சீக்கிரம் ஆகட்டும்பா, சனமெல்லாம் காட்டுல உக்காந்திருக்குது" என்று மாதையன் அதட்டினான். ஞானராஜ் மறு கண்ணையும் முடித்து, வாயோரம் இரண்டு கோடு ஆழமாக இழுத்துவிட்டு நிமிர்ந்தான்.

இது போட்டோவில் இருந்த பையன் இல்லை. புருவம் தடித்திருந்தது. அரும்புமீசை முறுக்குமீசைக்குக் கிட்டே வந்திருந்தது. கன்னத்தில் இருந்த குழந்தைத்தனம் எல்லாம் சேற்றோடு வழிந்து போயிருந்தது. சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பதற்குள் செல்லி சீசாவைத் திறந்துவிட்டாள்.

எண்ணெய் இறங்கியது. முகம் நின்றது. அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். ஞானராஜ் அவளைப் பார்க்க முடியாமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இங்க வாயேன்" என்றாள் செல்லி. மீசையை விரலால் தடவினாள். "இவனப் பாரு. பொண்ணு பாக்கற வயசாயிருச்சு எம்புள்ளைக்கு."