முந்திக்கொண்ட தோள்

நெரியோவின் இடது தோள் அவனுக்கு முன்பாகவே வீடு வந்து சேர்ந்துவிடும். கதவில் அது இடிக்கும் சத்தம் கேட்டதும் அவன் அம்மா ஃபிதெலினா மீனை எண்ணெயில் போடுவாள். மீன் சிவந்து வரும் நேரத்தில் மீதி நெரியோ தெருமுனையில் தெரிவான். சர்க்கரை ஆலையைச் சுற்றியிருந்த எங்கள் குடியிருப்பில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆலைச் சங்கு தாமதமாக ஊதினால்தான் ஊரில் பேச்சு.

தொல்லையெல்லாம் மைதானத்தில்தான். பேஸ்பால் மட்டையைச் சுழற்றும்போது இடுப்பு முதலில் திரும்ப வேண்டும். தோள் ஒரு மூச்சுப் பொறுத்து, பிறகு முழுக்கத் திரும்ப வேண்டும். நெரியோவின் தோளுக்கோ இருப்புக் கொள்ளாது. பந்து புறப்படும் முன்பே அது திரும்பி முடித்து நிற்கும். பயிற்சியாளன் செப்பே அதில் மண் நிரப்பிய சர்க்கரைச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டான். சாக்கும் சேர்ந்து முந்தியது. "எங்கடா பறக்குது உன் தோளு? பஸ் போயிடுமா?" என்று தினமும் கத்துவான்.

காரணம் ஊருக்கே தெரியும். அமெரிக்க அணிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் பதினேழைத் தாண்டியவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி, தம்பி ஒசிரிஸின் பிறப்புச் சான்றிதழை செப்பே அண்ணனுக்கு மாற்றிக் கொடுத்திருந்தான். உடம்பு முழுவதும் இரண்டு வயது குறையச் சம்மதித்தது. இடது தோள் மட்டும் தன் வயதிலேயே நின்று, மற்றதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அண்ணனைவிட நன்றாக ஆடும் ஒசிரிஸ் ஒரு வருடமாகப் பெயரில்லாமல் வேலிக்கு வெளியே நின்றான்.

கடைசி வாய்ப்பு ஒரு சனிக்கிழமை வந்தது. பத்துப் பந்து. முதல் ஒன்பதையும் தோள் கெடுத்தது. ஆள் எடுக்க வந்தவர் சலிப்போடு கேட்டார்: "உன் பேரு ஒசிரிஸ்தானே?"

வேலிக்கு வெளியே ஒசிரிஸ் சட்டென்று நிமிர்ந்து, மறுபடி தலை குனிந்துகொண்டான். நெரியோவுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"இல்லீங்க. அதோ நிக்கிறான், அவன்தான் ஒசிரிஸ். நான் நெரியோ. பத்தொம்போது."

"கெடுத்தியேடா பாவி!" என்று செப்பே தலையில் அடித்துக்கொண்டான்.

தோள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. பத்தாவது பந்துக்கு இடுப்பு திரும்பியது, தோள் பொறுத்தது, பிறகு கடைசிவரை சுழன்றது. பந்து ஆலைப் புகைபோக்கியைத் தாண்டிப் போனது. வந்தவர் அது மறையும்வரை பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார்.

"நல்ல அடி தம்பி. ஆனா வயசாயிடுச்சே."

பிறகு வேலிப் பக்கம் திரும்பி ஒசிரிஸை உள்ளே கூப்பிட்டார்.

அன்று மாலை கதவு தட்டப்பட்டதும் ஃபிதெலினா வழக்கம்போல மீனை எண்ணெயில் போட்டாள். நிமிர்ந்தால் நெரியோ முழுதாக வாசலில் நின்றான்.

"நீயும் உன் தோளும் சேர்ந்தே வந்துட்டீங்களா?" என்று கேட்டு அழுதாள்.

மீன் வேகும்வரை அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். சான்றிதழ் மாறிய பிறகு அப்படி உட்கார்ந்தது அவனுக்கு அன்றுதான் முதல் தடவை.