ரவீந்திரன் கையில் கொடுத்துவிட்ட மைலோ டின்

1

இந்தக் கதை ஒரு மைலோ டின்னில் தொடங்கியது. எங்கிருந்தோ வந்த உந்துதல் என்றெல்லாம் அளக்கலாம்தான், ஆனால் நேற்றைக்கு ஒரு பொய் சொன்னதே இந்த வாரத்துக்குப் போதும்.

தனேஸ்வரி கோல சிலாங்கூரில் ஓர் ஆபீஸில் கிராணி வேலை பார்க்கிறவள். சனி, ஞாயிறில் கதை எழுதுகிறவள். இதை எழுதுகிறவளும் அவளேதான். வேறு யாரோ செய்த மாதிரி எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறையுமா என்று பார்க்கிறாள்.

நேற்று சாயங்காலம் அவளுடைய சித்தப்பா மகன் ரவீந்திரன் வந்து டின்னை வாங்கிப் போனான். இன்று மூன்று மணிக்கு அவனுக்குத் திருச்சி விமானம். டின், அங்கே வாழ்க்கைப்பட்ட தனேஸ்வரியின் தங்கை மாலாவுக்கு. உள்ளே மைலோ பவுடர். மைலோவுக்கு நடுவே, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு பவர் பேங்க்.

ரவீந்திரன் ரவாங்கில் ஒரு ஃபேக்டரியில் சாமான்களைச் சோதித்து அனுப்புகிறவன். ஒரு ஸ்குரூவை மூன்று தடவை திருப்பிப் பார்ப்பான். "பேட்டரி சாமான் எதுவும் வேணாங்கா. பெரிய பைய பிளேனு அடியில போட்டுருவாங்க, அங்க தீப்பிடிச்சா யாருக்கும் தெரியாது" என்று முதலிலேயே சொல்லியிருந்தான். டின்னின் மூடியில் கைகூட வைத்தான்.

"வெறும் மைலோதான். என் மேல நம்பிக்கை இல்லியாடா?" என்றாள் தனேஸ்வரி.

அவன் கையை எடுத்துவிட்டான்.

இன்று காலை எழுந்ததும் போனை எடுத்தாள். ஒரு போன் செய்தால் ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயம். போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கதை எழுத உட்கார்ந்தாள். விமானம் விழுகிற கதை.

2

முதல் தொடக்கம்: "அறுவடை முடிந்த சுங்கை புரோங் வயல்களின் மேல் அன்று வானம் –"

(வேண்டாம். வானத்தில் தொடங்கினால் அடுத்து மேகம் வரும், அப்புறம் ஒரு பக்கத்துக்கு யாருமே வரமாட்டார்கள்.)

இரண்டாவது: "அந்த விமானம் ஏன் விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் –"

(யாருக்கும் தெரியாது என்று எழுத வந்தாள். எழுதுகிறவளுக்குத் தெரியும்போது அது இன்னொரு பொய்.)

மூன்றாவது: "ஜெய்புன்னிசா ஒரு டின்னைக் கொடுத்துவிட்டாள்."

இது நின்றது.

3

ஜெய்புன்னிசா தஞ்சோங் காராங்கில் பாஜு கூரோங் என்கிற மலாய் உடுப்புத் தைக்கிறவள். வயது நாற்பத்தெட்டு. முழுக்கக் கற்பனை. தனேஸ்வரிக்கு ஒரு பட்டன்கூடத் தைக்கத் தெரியாது, ஆகவே இருவருக்கும் சம்பந்தமில்லை என்று வாசகர்கள் நம்பவேண்டும்.

நாகூரிலிருக்கும் அக்காள் வீட்டுக்கு ஜெய்புன்னிசா ஒரு டின் கொடுத்துவிடுகிறாள். கொண்டுபோகிறவன் எதிர்வீட்டு ரிஸ்வான். உள்ளே என்ன என்று உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. புறப்பட்ட சில நிமிஷத்தில் விமானம் சுங்கை புரோங்கில் விழுகிறது.

(விமான நிலையத்தில் ஸ்கேன் செய்வார்களே, பிடிபடாதா என்று ஒருவர் கேட்பீர்கள். பிடிபடலாம், படாமலும் போகலாம். பிடிபட்டால் ரிஸ்வானை அழைத்துக் கேட்பார்கள். அந்தக் கதை இதைவிட மோசம்.)

முதல் வரைவில் அறுபது பேர் செத்துப்போனார்கள். தனேஸ்வரி ஒரு காப்பி கலக்கிக் குடித்துவிட்டு வந்து படித்தாள். உட்கார்ந்து ஒவ்வொருவராக எல்லாரையும் பிழைக்க வைத்தாள். கை கால் முறிவோடு போகட்டும் என்று விட்டாள். எழுதுகிறவளுக்கு இந்த வசதி இருக்கிறது, விமானிக்கு இல்லை. ரிஸ்வானுக்கு இடது கால் முறிந்தது.

மணி பத்தேகால். காரணம் வேண்டும். டின்னைத் தவிர வேறு ஏதாவது ஒரு காரணம்.

4

காரணம் தேடி மதார் சாகிபு சாப்பாட்டுக் கடைக்குப் போனாள்.

"பாய், பிளேன் எதனால விழும்?"

"ஓவர்லோடுமா" என்றார் மதார் சாகிபு, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "நம்ம ஆளுங்க கொண்டுபோற சாமானப் பாத்திருக்கியா? கோடாலித் தைலமே பாதிப் பிளேனு இருக்கும்லா."

பக்கத்து மேசையில் சேது டீயோடு உட்கார்ந்திருந்தார். செம்பனை லோரி ஓட்டுகிறவர். "ஓவர்லோடுல ஒண்ணும் ஆவாது பாய். நான் இருபது வருசமா ஓவர்லோடுதான். டயரப் பாக்கணும். டயரு."

"பிளேனு மேல போறப்போ டயருக்கு என்னய்யா வேல?"

"ஏறும்போது வெடிச்சிருந்தா?"

சேது யோசித்துவிட்டு, சுங்கை புரோங் பக்கம் என்றால் கொக்குதான் என்று கட்சி மாறினார். உழுது தண்ணி விட்டதும் வெள்ளை வெளேரென்று வந்து இறங்கும், ரெண்டு மூன்று எஞ்சினுக்குள் போனால் போதும் என்றார். மதார் சாகிபு இடியைச் சொன்னார். சேது விமானியின் மனைவி காலையில் சண்டை போட்டிருக்கலாம் என்றார். அதற்கு மட்டும் கடையே ஒத்துக்கொண்டது.

தனேஸ்வரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது.

"யார்கிட்டயாச்சும் சாமான் குடுத்துவிட்டியாமா?" என்றார் மதார் சாகிபு திடீரென்று.

"இல்ல பாய். கதைக்கு."

(பொய், எண்ணிக்கை இரண்டு.)

5

கதையில் ஜெய்புன்னிசாவும் இதையேதான் செய்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் காரணம் கேட்கிறாள். கொக்கு என்று சொன்னவர்களுக்குத் துணியை அன்றைக்கே தைத்துக் கொடுத்துவிடுகிறாள். எஞ்சின் கோளாறு என்றவர்களுக்கும் மரியாதை உண்டு. சாமான்களில் தீப்பிடித்திருக்கலாம் என்ற ஒரு டீச்சரம்மாவின் பாஜு மட்டும் மூன்று வாரமாகக் கை இல்லாமல் தொங்குகிறது.

நான்காவது வாரம் ரிஸ்வானைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பிளாஸ்கில் கஞ்சி. வாயில் கொக்கு.

"கொக்குதான்டா காரணம். எல்லாரும் சொல்றாங்க."

"இருக்கும் மாமி. ஆபிசருங்க வந்தாங்க. பைய நீயே அடுக்குனியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

"ஏன்டா அப்டி சொன்ன?"

"யாரு யாரு என்ன குடுத்தாங்கன்னு சொன்னா ஒவ்வொரு வீடா போயி நிப்பாங்கல்ல. உங்கள எதுக்கு அலைய விடணும்? வெறும் மைலோதானே மாமி."

ஜெய்புன்னிசா வாயைத் திறந்தாள்.

6

இங்கேதான் மாட்டிக்கொண்டது. அவள் என்ன சொன்னாள்?

முடிவு அ: அவள் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அறிக்கை வருகிறது. கொக்குதான். ஜெய்புன்னிசா கடைக்கடையாகப் பலகாரம் கொடுக்கிறாள், அன்றைக்கு இரவு அவளுக்கு நல்ல –

(நல்ல தூக்கம் என்று எழுத வந்தாள். வரவில்லை. கொக்கு என்று நிரூபணம் ஆனாலும் ரவீந்திரன் மூடியிலிருந்து கையை எடுத்தது எடுத்ததுதானே.)

முடிவு ஆ: அறிக்கை வருகிறது. டின்தான். பையை நானே அடுக்கினேன் என்று சொன்ன ரிஸ்வானைத் தேடி –

(முடியாது. இதை எழுத மாட்டாள்.)

முடிவு இ: அறிக்கை வருவதற்கு முன்பே, அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபடியே, ஜெய்புன்னிசா சொல்லிவிடுகிறாள். "ரிஸ்வான், அந்த டின்னுல –"

அதற்கு மேல் தனேஸ்வரிக்கு வார்த்தை வரவில்லை. ஜெய்புன்னிசா வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். எழுதியவளைப் பார்த்தாள். எனக்குச் சொல்லிக்கொடு, நீ எப்படிச் சொல்லுவாய் என்று கேட்பது போலிருந்தது.

மணி பன்னிரண்டு ஐந்து.

தனேஸ்வரி போனை எடுத்தாள்.

"அக்கா, செக்-இன் லைன்ல நிக்கிறேன். எனக்கு முன்னால நாலு பேருதான். என்னா?"

"ரவி. அந்த டின்னுல மைலோ மட்டும் இல்லடா. பவர் பேங்க் வச்சிருக்கேன். பொய் சொல்லிட்டேன்."

தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. யாரோ மலாயில் வழி கேட்டார்கள். பையின் ஜிப் இழுபட்டது. அப்புறம் டமார் என்று ஒரு சத்தம், அதன் பிறகு இருமல்.

"லைன விட்டு வெளிய வந்துட்டேன்" என்றான். "மூடி டைட்டா இருந்துச்சி. சட்டை பூரா மைலோ. எல்லாரும் பாக்குறாங்கக்கா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எடுத்துட்டியா?"

"கையில வச்சிருக்கேன். உப்பியிருக்கு." டின்னை மூடுகிற சத்தம் கேட்டது. "இனிமே எங்கிட்ட எதுவும் குடுத்துவிடாத."

வைத்துவிட்டான். 'அக்கா' இல்லை. வலித்தது.

7

ஆக, கதைக்கு முடிவு இல்லை. இ-யில் ஜெய்புன்னிசா பாதியில் விட்ட வாக்கியத்தை மேலே போனில் சொன்னதை வைத்து நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். அதற்கு ரிஸ்வான் என்ன பதில் சொன்னான் என்பதையும்தான். 'மாமி' என்று கூப்பிட்டானா இல்லையா என்பதில் கொஞ்சம் தாராளமாக இருங்கள்.

விமானம் ஏன் விழுந்தது என்பதும் உங்கள் பாடு. கொக்கு இருக்கிறது, டயர் இருக்கிறது, இடி இருக்கிறது, விமானியின் மனைவி இருக்கிறாள். டின்னை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கத் தனேஸ்வரிக்கு ஆசை. கேட்கவில்லை.

மணி மூன்றே கால். வடக்கே போகிற விமானங்களில் சில எங்கள் ஊர் மேல்தான் போகும். எது யாருடையது என்று கீழிருந்து தெரியாது. ஆனாலும் நான் வாசலில்தான் நிற்கிறேன்.