குதிரைத் தலைக்குக் கீழே பல் டாக்டர்

ஊர்ச் சதுக்கத்தில், பல் டாக்டர் நீவெஸ் மரங்கோனின் கிளினிக் வாசலுக்கு மேலே ஒரு குதிரைத் தலை தொங்கியது. தங்க முலாம் பூசிய தகரத் தலை, ஆள் உயரத்தில் பாதி. அதன் கீழே சிவப்பு நியான் எழுத்து: "மரங்கோன் குதிரை இறைச்சி. தினமும் புதிது." பல் பிடுங்க வருகிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே வருவார்கள்.

கடை அவள் அப்பா ஒலிந்தோவுடையது. அவர் கத்தியைக் கழுவிவைத்துவிட்டு மதுக்கடையில் சீட்டாடப் போனபின், அதே இடத்தில் நீவெஸ் தன் நாற்காலியைப் போட்டாள். அந்த வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். பள்ளியில் அவளைக் கண்டால் பிள்ளைகள் குதிரை மாதிரி கனைப்பார்கள். அந்தத் தலையை இறக்கிவிட்டு, அதே உயரத்தில், டாக்டர் என்று போட்டுத் தன் பெயரை ஏற்ற வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அங்கேதான் நகராட்சி குறுக்கே விழுந்தது. இருபது வருஷமாக "சதுக்கத்தின் கண்ணியத்துக்கு இழுக்கு, எடு" என்று அப்பாவை அரித்தெடுத்தவர்கள், பெயர்ப்பலகை விதிகளைப் புதுப்பித்தார்கள். ஐம்பது வயது தாண்டிய பலகையெல்லாம் இனி ஊரின் நினைவுச் செல்வம். எடுக்கக் கூடாது, மறைக்கக் கூடாது. புதிதாகத் தொழில் நடத்துபவர் கதவோரம் அஞ்சலட்டை அளவில் ஒரு பித்தளைத் தகடு வைத்துக்கொள்ளலாம்.

ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்கு நீவெஸ் வெள்ளைக் கோட்டோடே போனாள். மேடையில் விதிகளுக்குப் பொறுப்பான வக்கீல் தங்க்ரேதி காஸ்பரீனி. அவளோடு படித்தவன்.

"நீவெஸ், அது வெறும் பலகை இல்லம்மா. நம்ம ஊரோட ஞாபகம்."

"ஞாபகம் இருக்கா? அப்போ என்னைப் பார்த்து முதல்ல கனைச்சது யாருன்னும் ஞாபகம் இருக்கணுமே. அதையும் விதியில சேத்துக்க."

கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் கத்தினார்: "தானமா வந்த குதிரையப் பல்லப் புடிச்சுப் பாக்காதீங்க டாக்டரம்மா!"

"பல்லப் பாக்குறதுதானேய்யா என் பொழப்பு!"

அவள் தங்க்ரேதி பக்கம் திரும்பினாள். "உங்க விதியைப் படிச்சேன். சுவத்துக்காரர் சம்மதிச்சா, பலகையை அதே சதுக்கத்துல வேற சுவத்துக்கு மாத்தலாம்னு இருக்கு. உன் ஆபீஸ் எனக்கு நேர் எதிர்ல. கதவுக்கு மேல இடம் சும்மாத்தான் கிடக்கு. இனாமாத் தரேன், எடுத்துக்க."

"அது... என் கட்சிக்காரங்க வந்து போற எடம், நீவெஸ்."

"என்கிட்ட வர்றவங்க மட்டும் கழுதைங்களா?"

மேடையில் இருந்த மற்றவர்களையும் அவள் விடவில்லை. குதிரையின் புருவ வளைவைப் பற்றி உருகி உருகிப் பேசிய பத்திரப் பதிவாளர், தன் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, தாங்காது என்றார். விதியை எழுதிய கட்டடக் கலைஞர், தன் வீடு மாமியார் பேரில் இருக்கிறது என்றார். பாரம்பரியம் அடுத்தவன் சுவரில் தொங்கும்வரைதான் அழகு. இறக்கி நம் வாசலுக்குக் கொண்டுவந்தால் வெறும் தகரம். ஒரு காப்பி குடிக்கும் நேரத்துக்குள், குதிரைத் தலையில் கலைநயம் ஏதுமில்லை என்று சபை ஏகமனதாகக் கண்டுபிடித்தது. பாதுகாப்பு ரத்து.

"ஒருவழியா செத்துச்சா அந்தக் குதிரை?" என்று அன்று மாலை மதுக்கடையில், கைச்சீட்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் ஒலிந்தோ.

மறுநாள் காலையில் தச்சன் ஏணியைச் சாத்தினான். "டாக்டர் நீவெஸ் மரங்கோன்" என்ற புதுப் பலகை சுவரோரம் காத்திருந்தது. அப்போது நகராட்சிக் காவலர் துல்லியோ ஒரு தாளோடு வந்தார்.

"பாதுகாப்பு போயிட்டதால இது இப்ப அனுமதியில்லாத நியான் பலகை, டாக்டரம்மா. உடனே எடுக்கணும்."

"எடுக்கத்தானே ஏணி நிக்குது?"

"அப்படி நீங்களா எடுக்க முடியாது. நகராட்சி உத்தரவுக்குப் பணிஞ்சு எடுத்தேன்னு இதுல கையெழுத்துப் போட்டுட்டு எடுக்கணும்."

நீவெஸ் தாளை வாங்கினாள். சதுக்கத்தின் கண்ணியத்துக்கு இழுக்கு. அப்பாவுக்கு எழுதிய அதே வரி, ஒரு எழுத்து மாறவில்லை. கீழே தங்க்ரேதியின் கையெழுத்து. எதிரே அவன் ஆபீஸ் ஜன்னலில் திரை லேசாக விலகியது.

"ஏய், கீழ இறங்கு!" என்றாள் தச்சனிடம். "குதிரையைத் தொடாத."

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னா எடுக்கலாம். வையின்னா வெக்கவும் எடுன்னா எடுக்கவும் நான் இவங்க வீட்டு வேலைக்காரி இல்ல. எனக்கு எப்பத் தோணுதோ அப்ப எறக்குறேன். என் பலகையை அதுக்குப் பக்கத்துலயே, அதே உயரத்துல அடி."

துல்லியோ தலையைச் சொறிந்தார். "ரெண்டு பலகைன்னா ரெண்டு குத்தம், டாக்டரம்மா."

"ரெண்டையும் எழுதுங்க. பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டு எழுதுங்க."

துல்லியோ பேனாவைத் திறந்தார். மேலே தச்சன் முதல் ஆணியை அடிக்க ஆரம்பித்தான்.