நிமிர்ந்திருந்த பிள்ளை

முப்பத்தாறாவது கிழமை ஸ்கானில் என் பிள்ளை வயிற்றுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தலை மேலே, பின்பக்கம் கீழே. கால் இரண்டையும் நேராக மேலே மடித்துப் பாதங்களை முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. நான் வட்டுக்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியை. முழங்கால் மடியாமல் குனிந்து பாதத்தைத் தொடு என்று பத்து வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒரு பிள்ளையும் இவ்வளவு வடிவாகச் செய்து காட்டியதில்லை. பார்த்ததும் எனக்கு முதலில் பெருமைதான் வந்தது.

டொக்டருக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. "இந்த நேரத்துக்குத் தலை கீழ வந்திருக்கவேணும், ஹன்னா. வராட்டி ஒப்பரேசனைப் பற்றியும் நாங்கள் கதைக்கவேணும்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வலிக்கு நான் பயந்தவள் அல்ல. மூத்தவள் அனுஜாவைச் சாதாரணமாகத்தான் பெற்றேன். என் பயம் ஒப்பரேசன் தியேட்டர் கதவுக்கு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் பித்தப்பைக் கல் எடுக்கவென்று அம்மாவை அப்படியொரு கதவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது கையைக் காட்டிவிட்டுப் போனார். இதயம் நின்றுவிட்டது, யாரிலும் பிழையில்லை என்றார்கள். பிழையில்லாமல் இருக்கலாம். ஆனால் நான் படுத்த படுக்கையாக அந்த மாதிரிக் கதவுக்குள் போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் பிறேமிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சேர்ச்சுக்குக் கட்டாயம் சொல்லக்கூடாது."

"சரி," என்றார் பிறேம். அவர் தண்ணீர் இறைக்கும் பம்பி திருத்தும் கடை வைத்திருக்கிறார். திறந்து பார்த்தால் எதையும் சரிப்படுத்தலாம் என்பது அவருடைய கொள்கை. ஒப்பரேசன் என்றதும் அவருக்கு உள்ளூர நிம்மதி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவும் அவரில் கோபமாக இருந்தேன்.

சேர்ச்சுக்குச் சொல்லாதே என்றதற்குக் காரணம் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பேணி. எங்கள் தேவாலய வாசலில் அது இருக்கிறது. வேண்டுதல் உள்ளவர்கள் துண்டுக் கடதாசியில் எழுதி அதற்குள் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மூப்பர் கிளரன்ஸ் அங்கிள் ஒவ்வொரு துண்டாக எடுத்து, பெயர் சொல்லி உரத்து ஜெபிப்பார். காரியம் முடிந்தால் பழைய துண்டை எடுத்துவிட்டு ஸ்தோத்திரத் துண்டு போடவேண்டும். அம்மாவின் துண்டு மூன்று ஞாயிறு வாசிக்கப்பட்டது. பிறகு ஒரு புதன்கிழமை அடக்கம். யாரும் பேணியைப் பார்க்கவில்லை. நான்காம் ஞாயிறு, கறுப்புச் சட்டையோடு முன்வரிசையில் நான் உட்கார்ந்திருக்க, கிளரன்ஸ் அங்கிள் அம்மாவின் பெயரை வாசித்து, "பூரண சுகத்தோடு வீடு திரும்பச் செய்யும் ஆண்டவரே" என்று ஜெபித்தார். பாதியில்தான் அவருடைய குரல் நின்றது. அதைப்பற்றி அவரும் என்னோடு கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. அன்றிலிருந்து அந்தப் பேணிக்குள் நான் ஒரு துண்டும் போட்டதில்லை.

எங்கள் பகுதியில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற மருத்துவமாது ஜெயகௌரி மிஸ் அடுத்த நாளே ஸ்கூட்டியில் வந்தார். பாயைப் போடச் சொல்லி, முழங்காலிலும் முழங்கையிலும் என்னை ஊன்றி நிற்கவைத்தார். இடுப்பு மேலே, தலை கீழே. ஒரு நாளைக்கு மூன்று தரம், பத்துப் பத்து நிமிடம்.

"உப்பிடி நிண்டால் திரும்புமோ, மிஸ்?"

"சில பிள்ளையள் திரும்பும். சிலது திரும்பாது. நிச்சயமெண்டு நான் சொல்லமாட்டன். ஆனா செய்யிறதாலை ஒரு கெடுதியும் இல்லை."

இப்படி நேராகக் கதைக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அன்றிலிருந்து விறாந்தையில் நான் குனிந்து நிற்க, பக்கத்தில் அனுஜாவும் குனிந்து நின்றாள். பிறேம் என் ஸ்டொப்வோட்ச்சைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்தார். பத்து நிமிடம் முடிந்ததும் விசில் அடித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது அந்த விசிலைக் கேட்டபோதுதான் விளங்கியது.

பிள்ளை அசையவில்லை. முப்பத்தேழாவது கிழமை திங்கட்கிழமை, டொக்டர் வயிற்றுக்கு மேலால் கையால் திருப்பிப் பார்த்தார். மருந்து போட்டு, ஸ்கானைப் பார்த்துப் பார்த்து, மெதுவாக ஒரு பக்கம் தள்ளினார். பிள்ளை கொஞ்சம் போவதுபோலப் போய்விட்டுத் திரும்பவும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டாந்தரமும் அப்படித்தான். டொக்டர் கையை எடுத்துவிட்டு, "இவ்வளவுதான். இதுக்கு மேலை வற்புறுத்தக்கூடாது," என்றார்.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதைத்தார். பிள்ளை உட்கார்ந்தபடியே பிறக்கலாம். நான் ஏற்கெனவே ஒன்றைப் பெற்றவள், பிள்ளையின் நிறையும் அளவாக இருக்கிறது. ஆனால் கால் இரண்டும் இப்போதிருப்பதுபோல மேலே மடிந்தே இருக்கவேண்டும். கால் கீழே இறங்கினால் அது சரிவராது. வலி தானாகத் தொடங்கித் தடங்கலில்லாமல் போகவேண்டும். கடைசியாக, அவர் ஒரு கடதாசியை நீட்டினார்.

"இது ஒப்பரேசனுக்குச் சம்மதம். அங்காலை தியேட்டர் ஆயத்தமா இருக்கும். தேவைப்பட்டால் எனக்குக் கிடைக்கிறது கொஞ்ச நிமிசம்தான். அந்த நேரத்திலை நிண்டு உங்களோடை வாதாடேலாது. இப்பவே முடிவெடுங்கோ. இதிலை மனசில்லையெண்டால் நோமலாப் பெறுற முயற்சியையும் விடுவம்."

கையெழுத்து வைக்காமல் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து கீர்த்தனைப் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். கத்தியிலிருந்து தப்பத்தானே இவ்வளவு பாடும். இப்போது கத்திக்குச் சம்மதம் சொன்னால்தான் சாதாரணமாகப் பெறவே விடுவார்களாம். மனிதரைக் கிறுக்காக்குகிற கதை.

அந்த ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். அதற்கு முந்திய ஞாயிறு கால் வீங்கியிருந்ததால் போகவில்லை. கிளரன்ஸ் அங்கிள் பேணியைத் திறந்தார். இரண்டாவதாக எடுத்த துண்டைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"அன்பின் பரலோக பிதாவே, போன கிழமை கேட்டதுபோல இன்றும் கேட்கிறோம். உமது பிள்ளை ஹன்னாவின் வயிற்றில் தலைகீழாய் இருக்கிற குழந்தையை நீரே நிமிர்த்தி, நேராக உட்காரச் செய்தருளும்."

சபை முழுக்க ஆமென் சொன்னது. பின்வரிசையில் அயல்வீட்டுச் சீலா அன்ரியின் ஆமென் எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கேட்டது. நான் கண்ணைத் திறந்து பிறேமைப் பார்த்தேன். அவர் தன் கண்ணை இன்னும் இறுக்கி மூடினார். ஆக, திங்கட்கிழமை டொக்டர் ஒரு பக்கம் தள்ள, முழுச் சபையுமாகச் சேர்ந்து மற்றப் பக்கம் தள்ளியிருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் நேரே கிளரன்ஸ் அங்கிளிடம் போனேன். வேப்பமரத்தடியில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கிவிட்டார்.

"அங்கிள், என்ரை பிள்ளை நிமிர்ந்துதான் இருக்கு. அதுதான் பிரச்சினை. பிள்ளையள் தலைகீழாத்தான் வரவேணும்."

அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார், என் முகத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல. "பிள்ளை மாறி இருக்கு, சரியா வர ஜெபிக்கவும் எண்டு பிறேம் எழுதியிருந்தவர். மாறி இருக்கெண்டால் தலைகீழ் எண்டுதான் நான் விளங்கினன். எனக்கு ஆர் பிள்ளை இதெல்லாம் சொன்னது?" அவர் கலியாணம் செய்யாதவர். "அப்ப இனி எப்பிடிக் கேக்கிறது? திருப்பிவிடச் சொல்லிக் கேக்கவோ?"

"வேண்டாம். இனித் திரும்பத் தேவையில்லை. கால் கீழ வராமல், இப்ப இருக்கிறமாதிரியே இருந்தால் போதும்."

"அப்ப நான் கேட்டதிலை பெரிய பிழையில்லை."

சிரிப்பு வரப் பார்த்தது. அதை அடக்கப் போய்க் கோபம் வந்துவிட்டது. "துண்டை எடுத்துவிடுங்கோ, அங்கிள். அம்மாவின்ரையைப்போலை அதுக்குள்ளை கிடக்கவேண்டாம்."

அவருடைய முகம் சுருங்கியது. "காரியம் முடியுமட்டும் கிடக்கட்டும், பிள்ளை. முடிஞ்ச அண்டைக்கே எடுக்கிறன்," என்றார். நான் அதை நம்பவில்லை. பிறேமைத் தேடிப் போனேன்.

வீட்டில் பிறேமை ஒரு பிடி பிடித்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "நீர் பயந்தால் விறாந்தையிலை போய்க் குனிஞ்சு நிக்கிறீர். நான் எங்கை போறது? எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஹன்னா. உம்மையும் விட்டிட்டு, பிள்ளையையும் விட்டிட்டு, நான் அனுஜாவோடை தனிய நிக்கிறமாதிரி ஒவ்வொரு நாளும் நினைப்பு வருகுது."

இதை அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். பம்பி திருத்துகிற ஆளுக்கு என்ன பயம் என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பாடசாலையிலிருந்து நிருஷன் சேர் போன் எடுத்தார். என் லீவுக்குப் பதிலாக விளையாட்டுப் போட்டி வேலைகளைப் பார்க்கிறவர். "மிஸ், எண்ணூறு மீற்றர் தெரிவு ஓட்டம் வைக்கவேணும். முதலுதவிக்காரரின்ரை ஸ்ட்ரெச்சர் இன்னும் வரேல்லை. பிள்ளையள் வெயிலுக்கை நிக்கினம். துவங்கட்டோ?"

"ஸ்ட்ரெச்சர் வராமல் ஒருத்தரையும் கோட்டிலை நிப்பாட்டக்கூடாது."

"ஒருத்தரும் விழமாட்டினம், மிஸ்."

"விழமாட்டினம் எண்டு எனக்கும் தெரியும். ஸ்ட்ரெச்சரைப் பாத்தால்தான் நான் விசிலை வாயிலை வைப்பன். பத்து வருசமா அப்பிடித்தான்."

போனை வைத்தேன். என் குரல் இன்னும் அறைக்குள் நின்றது. பத்து வருடத்தில் அந்த ஸ்ட்ரெச்சரில் ஏறியவர்கள் இரண்டு பேர். ஆனால் அது இல்லாமல் நான் ஒரு ஓட்டமும் தொடங்கியதில்லை. கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து கடதாசியை எடுத்து, பிறேமைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக் கையெழுத்து வைத்தேன். எழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது.

முப்பத்தொன்பதாவது கிழமை, வெள்ளிக்கிழமை விடிந்த கையோடு வலி தொடங்கியது. ஆஸ்பத்திரியில் முதலில் ஸ்கான் பண்ணினார்கள். கால் இரண்டும் மேலேயே இருந்தன. பிரசவ அறைக்குப் போகும் வழியில் தியேட்டர் கதவு இருந்தது. அது திறந்திருந்தது. உள்ளே விளக்கெல்லாம் எரிய, பச்சை உடுப்போடு மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அம்மா காட்டியது நினைவுக்கு வந்தது. ஆனாலும் நான் நடந்துதான் அதைத் தாண்டினேன். நானும் கையைக் காட்டினேன்.

விறாந்தையில் பழகியபடி முழங்காலிலும் கையிலும் ஊன்றி நின்றேன். டொக்டர் பின்னால் நின்றார். "நாங்கள் தொடமாட்டம், ஹன்னா. இழுக்கவும் மாட்டம். நீங்கள் உங்கடை வேலையைச் செய்யுங்கோ." முதலில் பின்பக்கம் வந்தது. பிறகு ஒரு கால் தானாக விரிந்து விழுந்தது, பிறகு மற்றது. உடம்பு வந்தது, கைகள் வந்தன. தலைதான் மிச்சம். பிறேம் என் தலைமாட்டில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் ஸ்டொப்வோட்ச்சைப் பிடித்திருந்தார். "இப்ப தள்ளுங்கோ," என்றார் டொக்டர். முழுப் பலத்தையும் கொடுத்தேன். டொக்டர் ஒரு கையை மட்டும் நீட்டி ஏந்தினார். ஐம்பது விநாடி என்று பிறகு பிறேம் சொன்னார். எனக்கு அது பன்னிரண்டு வருடம்.

பெண் பிள்ளை. கொஞ்சம் நீலமாக வந்து, துடைத்ததும் சிவந்து, கத்தத் தொடங்கினாள். கால் இரண்டும் இன்னும் மேலே தூக்கியபடியே இருந்தன. தியேட்டரில் விளக்கை அணைக்கச் சொல்லி யாரோ போனார்கள்.

சனிக்கிழமை பார்வையாளர் நேரத்துக்குக் கிளரன்ஸ் அங்கிள் வந்தார். பிள்ளையைத் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து என் கட்டிலில் வைத்தார். பிறேமின் கையெழுத்து.

"நேற்றுப் பத்தரைக்குப் பிறேம் போன் எடுத்தவர். பதினொரு மணிக்கு நான் இதை எடுத்திட்டன், பிள்ளை." துண்டின் மடிப்பை விரலால் நீவிவிட்டார். "அண்டைக்கு நான் பேணியைப் பாத்திருக்கவேணும். அம்மாவின்ரை பேரை வாய் வாசிச்சாப்பிறகுதான் அவ போனது எனக்கு நினைவு வந்தது. எத்தினையோ தரம் உம்மட்டைச் சொல்ல வந்தனான். சொல்லத் தெரியேல்லை."

அப்போதுதான் நான் அழுதேன். பிரசவத்தில் அழவில்லை, அம்மாவின் அடக்கத்திலும் அவ்வளவு அழவில்லை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார்.

அழுது முடித்து, அவரிடம் பேனையை வாங்கி, அதே துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: "நிமிர்ந்தபடியே வந்து சேர்ந்தாள். ஸ்தோத்திரம். ஹன்னா."

"எழுதினதை எழுதினபடி வாசிக்கவேணும், அங்கிள். ஒண்டும் சேர்க்கக்கூடாது."

"ஓம்," என்றார். ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.