நாக் கட்டாத மணி

1

இக்கதை என் காருக்குள் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கோயில் கூப்பிடு தூரம். எங்கள் ஒழுங்கையின், அந்தக் குறுஞ்சந்தின், முகப்பில் நிற்கும் காரில் ஏறிப் போய், நிறுத்த இடம் தேடி வீதியை மூன்று முறை வலம்வந்தேன். இறைவனை வலம்வரக் கிடைக்கவில்லை. பூசை முடிந்து திரை விழுந்திருந்தது. வீடு திரும்பினால் மேசையில் ஒரு தாள்: கார் நுழையும்படி ஒழுங்கையை அகலமாக்க இருபுறத்தாரும் இரண்டடி விடவேண்டுமாம். கையெழுத்திட்டேன். அதன் பின்பே ஆரணி கதைக்குள் வந்தாள்.

2

(முதல் தொடக்கம்: "அரியாலையில் ஓர் ஒழுங்கை. அதன் நடுவே நூறாண்டு நின்ற வேம்பு–" நிறுத்திவிட்டேன். மரத்தை வெட்டப்போகிறார்கள் என்றதும் நீங்கள் கண்கலங்குவீர்கள். அது எளிய வேலை.)

இரண்டாம் தொடக்கம். ஆரணி சங்கீத ஆசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். தன் வீட்டு வாசற்படலையிலிருந்து கண்டி வீதி பஸ் தரிப்பிடம்வரை முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. கோலொன்றைத் துணையாக்கி, எவர் கையும் பற்றாமல் தினமும் நடப்பாள். அந்த ஒழுங்கைக்குள் சைக்கிளைவிட அகலமான எதுவும் நுழையாது என்பதே அவளுடைய சுதந்திரம்.

எட்டு வீட்டாரில் எழுவர் கையெழுத்திட்டாயிற்று. வேலிக் கதியால் கம்பை நாலு விரல் தள்ளி நட்டதற்காகப் பதினொரு வருடம் நீதிமன்றம் ஏறிய மண்ணில், காருக்கென்றதும் இரண்டடியை மனமுவந்து கொடுக்கிறார்கள். அந்த வழக்கில் ஆரணியின் தந்தையோடு மோதிய அயலவர் சிவசுப்பிரமணியமே தாளை ஏந்தி வந்தார்.

3

"பிள்ளை, நீ ஒருத்திதான் மிச்சம்."

"அகலமாக்கினாப் பிறகு என்னை ஆர் மாமா கூட்டிக்கொண்டு போறது?"

"நானே காரிலை கொண்டுபோய் விடுறன்."

"நீங்கள் எழும்புறது எட்டு மணிக்கு. எனக்குப் பள்ளிக்கூடம் ஏழரைக்கு."

"கொப்பற்றை நாக்கு அப்பிடியே இருக்கு!" என்றார், அவள் தந்தையை நினைத்து.

இவ்விடத்தில் எனக்கோர் ஆசை எழுந்தது. பழம்பாட்டின் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் வெருவாதிருக்கத் தன் தேர்மணியின் நாவைக் கட்டி ஓட்டுவான். அந்த அருளைச் சிவசுப்பிரமணியத்தின் வாயில் வைத்தேன்.

"என்ரை புதுக் காரிலை சத்தமே இல்லைப் பிள்ளை. நாக்குக் கட்டின தேர்மணி மாதிரி. உனக்கொரு கரைச்சலும் இராது."

ஆரணி விடவில்லை. (இது நான் திட்டமிட்டதன்று.)

"உந்த வசனத்தை எழுதித் தந்தவரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. மணியின்ரை நாக்கைக் கட்டினா, வாறதை நான் எப்பிடி அறியிறது?"

ஐம்பது ஆண்டுகளாக நான் நெஞ்சில் வைத்துப் போற்றிய தேர் அது. கோடிட்டு அடித்துவிட்டேன். அடித்த இடத்தை நீங்கள் காணவேண்டுமென்று அப்படியே விட்டிருக்கிறேன்.

4

"வழக்காடின பதினொரு வருஷமும் நீங்கள் எங்களோடை கதைக்கேல்லை. ஆனா ஒரு நாளாவது சைக்கிள் மணி அடிக்காமல் என்னைக் கடந்து போனதில்லை. ரண்டு தரம் அடிப்பியள். நீங்களெண்டு விலகுவன்."

சிவசுப்பிரமணியம் தாளை மடித்தார், பிரித்தார்.

"வழக்கு கொப்பரோடை. உன்னோடை இல்லையே."

"முகப்பிலை உங்கடை வெறுங்காணி கிடக்கு. எல்லாற்றை காரும் அங்கை நிக்கட்டும், மாமா. மிச்சத்தை நடவுங்கோ."

"எனக்கு முழங்கால் நோ."

"அப்ப நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறன்."

அவர் சிரித்துவிட்டார். பேனை இன்னும் திறந்தபடிதான் இருந்தது.

5

ஒரு முடிவில் ஆரணி கையெழுத்திடுகிறாள். இரண்டு வரி எழுதினேன், கை வரவில்லை. இன்னொன்றில் மறுத்துவிடுகிறாள், ஏழு வீட்டாரும் அவளோடு கதையாமல்– அதுவும் வேண்டாம்.

இன்று காலை நான் கோயிலுக்கு நடந்தே போனேன். திரை விலகுமுன் சேர்ந்துவிட்டேன். என் கையெழுத்தை அடிக்கவேண்டும், தாளைத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆதலால் மூன்றாவது முடிவை எழுதும் துணிவு பாதியளவு வந்திருக்கிறது:

மறுநாள், ஏழு மணி. ஆரணி படலையைத் திறக்கிறாள். ஒழுங்கை முகப்பில், அந்த வெறுங்காணிப் பக்கமாக, ஒரு கார்க்கதவு சாத்தப்படுகிறது.

இறங்கியவர் நீங்கள். அவள் முதற்காலடியை வைத்துவிட்டாள். வருவது யாரென்று அவள் அறியும்படி ஓர் ஓசை செய்யுங்கள்.